படத்தில் விடுபட்ட இடம்

சூரிய மின்சாரத் திட்டத்துக்காக வந்த சுகன்யா நல்ல பெண். ஆரணி டவுனில் பட்டுத்தறிக் குடும்பம். தறிக்காரர்களிடமும் நிலத்துக்காரர்களிடமும் பேசியாயிற்று, சேவூர்க் காலனிக்காரர்களைக் கேட்காமல் ஒரு தகடுகூட நட மாட்டோம் என்றாள். எங்களை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவள் வந்த நேரம் ஆண்கள் எல்லாரும் கூலிக்குப் போயிருந்தார்கள். பரவாயில்லை, பெண்கள் சொல்வதுதான் முக்கியம் என்று கோலமாவைக் கையில் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொன்னாள்.

எங்கள் தெருவில் கோலம் என்றால் ஆதிலட்சுமிதான். வீடுகள், மாரியம்மன் கோயில், தண்ணீர்த் தொட்டி, பஸ் நிற்கும் இடம், ஆடு மேயும் கரடு எல்லாம் போட்டாள். மேற்கே சுடுகாடு இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் போடவில்லை. யாராவது கோலமாவில் சுடுகாடு போடுவார்களா? பெண்கள் நாங்கள் அந்தப் பக்கம் போவதே கிடையாது. புதைத்துவிட்டு வருவது ஆண்கள் வேலை.

அந்த வெற்றிடத்தைக் காட்டி சுகன்யா கேட்டாள். ஆதிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அங்க ஒண்ணும் இல்லம்மா" என்றாள். போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போன அவள் மகள் நிலாவை அங்கேதான் புதைத்திருந்தார்கள். ஏழு வயசு.

சர்க்காருக்கு அது வெறும் புறம்போக்கு. படத்தில் காலியாக இருந்ததால், எங்களுக்கும் அது வெறும் இடம்தான் என்று நாங்களே சொன்னதாக ஆகிவிட்டது. சில மாதம் கழித்து ஜேசிபி வந்தது. ஆண்கள் ஓடிப்போய் மறிப்பதற்குள் பாதி நிலத்தைச் சமன் செய்துவிட்டது. சுகன்யா அழுதுகொண்டே வந்து யார் யாரிடமோ போனில் சண்டை போட்டாள். கடைசியில், குழிகளைக் காட்டினால் அவற்றை விட்டுவிட்டு மீதியில் தகடு நடுவதாக முடிவானது. அடையாளம் கட்டச் சிவப்பு ரிப்பன் கொடுத்தார்கள்.

எங்கள் குழிகளுக்குக் கல் கிடையாது. ஆதிலட்சுமியின் புருஷன் தருமன் ரொம்ப நேரம் இங்கேயும் அங்கேயும் நடந்தார். பிறகு ஓரிடத்தில் குச்சி நட்டு ரிப்பனைக் கட்டினார்.

நிலாவுக்குக் குழி வெட்டியது என் வீட்டுக்காரர் ஜெயவேல். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்.

"அது அந்த எடமே இல்ல. எந்த எடம்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நீ வாயத் தொறக்காத, அமலா."

இப்போது ரிப்பன் கட்டிய இடத்தைச் சுற்றித் தகடுகள், நடுவே கொஞ்சம் மண். அந்தக் கரண்டில் டவுனில் தறி ஓடுகிறது என்கிறார்கள், ஓடட்டும். பெண்கள் போகக்கூடாது என்பதை ஆதிலட்சுமி விட்டுவிட்டாள். தினமும் வேலை முடிந்து அங்கே போய் உட்காருகிறாள். அழுவதில்லை. நான் துணைக்குப் போகிறேன். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். யார்மேல் என்று தெரியாமல் அதுவும் மரத்துப்போய்விட்டது.

நேற்று மண்ணைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அவுரு ரிப்பன் கட்டறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் இங்கயும் அங்கயும் நடந்துகினு இருந்தாராம். எடம் இதானே, அக்கா?"

"இதான்" என்றேன். "உன் வீட்டுக்காரரு நின்னு பாத்துத்தான் கட்டினாரு."

தலையை ஆட்டினாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டு, பிள்ளைக்கு இடம் விட்டு, அந்த மண்ணின் ஓரமாகப் படுத்துக்கொண்டாள்.