கொழுந்தன் செய்த உபகாரம்

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருந்தால் போதும் என்பார்கள். என் கொழுந்தன் இரண்டையும் ஒரே மூச்சில் செய்து முடித்தான்.

என் வீட்டுக்காரர் மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுபவர். தொண்டையில் வந்தது சாதாரணக் கட்டி இல்லை, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "இப்பவே நிறைய வாக்கியம் படிச்சுப் பதிவு பண்ணி வைங்க. அப்புறம் நீங்க தட்டுறத கம்ப்யூட்டர் உங்க குரல்லயே பேசும்."

அதற்காகத்தான் லேப்டாப் வாங்கினோம். கம்பெனியே லினக்ஸ் போட்டு விற்ற மாடல், விலையும் குறைவு. "விண்டோஸ் இல்லையேன்னு யோசிக்காதீங்க, ஆன் பண்ணா போதும்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. ஆன் செய்தோம், மைக்கைச் செருகினோம், வேலை செய்தது.

தினமும் காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார். "எனக்குத் தண்ணி வேணும்." "வலிக்குது." "சாப்பிட்டியா?" நடுவில் ஏலக்குரல் எட்டிப் பார்க்கும். "மெதுவாங்க, இங்க யாரும் தக்காளி வாங்க வரல" என்பேன். சிரித்துத் தொலைப்பார். அந்த வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்தபோது குரல் தேய்ந்து வெறும் காற்றாகிவிட்டிருந்தது. போனால் போகட்டும், லேப்டாப்புக்குள் பத்திரமாக இருக்கிறது என்று இருந்தேன். இன்னொரு காப்பி எடுத்து வைக்கத் தோன்றவில்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, வீட்டிலிருந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தான் கொழுந்தன். முகமெல்லாம் பல்.

"அண்ணி, அண்ணனுக்கு ஒரு சர்ப்ரைஸ். விண்டோஸ் போட்டுட்டேன். இனிமே படம் பாக்கலாம், சீட்டு ஆடலாம்."

லேப்டாப்பைப் பிடுங்கித் திறந்தேன். "அதுல இருந்ததெல்லாம்?"

"ஒண்ணுமே இல்ல அண்ணி. பாக்காம பண்ண நான் என்ன மடையனா? ஆன் பண்ணா பாஸ்வேர்ட் கேட்டுச்சு, டிஸ்க்கக் கழட்டி என் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தேன். ஃபார்மேட் பண்ணாதான் ஆகும்னு அதுவே சொல்லுச்சு. காலி டிஸ்க். சரின்னு தட்டிட்டேன்."

லினக்ஸ் எழுதி வைத்ததை விண்டோஸால் படிக்க முடியாது. படிக்கத் தெரியாததை ஃபார்மேட் பண்ணச் சொல்லும். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ரிப்பேர் கடைக்காரர் சொல்லித்தான் இது எனக்கே தெரியும். கொழுந்தனை இழுத்துக்கொண்டு அங்கேதான் ஓடினேன். கடைக்காரர் எதையெதையோ தட்டித் திரையைப் பார்த்தார்.

"இது எஸ்எஸ்டி, புது மாதிரி டிஸ்க்கும்மா. ஃபார்மேட் பண்ணா உள்ளயே துடைச்சிடும். பழைய மாதிரி டிஸ்க்னா தோண்டிப் பாக்கலாம்."

"எப்படியாவது பாருங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன்."

"நான் தலைகீழா நின்னாலும் வராதும்மா."

ஃபோனில் பழைய வீடியோ ஏதாவது இருக்குமா என்று தேடினேன். எல்லாவற்றிலும் அவர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வார்டுக்குத் திரும்பியதும் விஷயத்தைச் சொல்லி, ஃபோன் ரெக்கார்டரைத் தட்டி அவர் வாயருகே பிடித்தேன். "படிங்க. இருக்கற குரல்லயே படிங்க, வர்றது வரட்டும்." தண்ணி வேணும் என்று உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. மறுபடியும் காற்று. நர்ஸ் வந்து, "அவரப் பேச வைக்காதீங்க" என்று அதட்டிவிட்டுப் போனாள். கொழுந்தன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி.

"அழாதடா! உன்ன யாருடா கேட்டா? தொட்டதெல்லாம் நாசம்! உங்கண்ணன் குரல அழிச்சுட்டு வந்து பல்ல இளிச்சியே, நீ நல்லா இருப்பியா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் நிறுத்தவில்லை. அப்போது அவர் என் கையைப் பிடித்தார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, பாழாய்ப்போன அந்தக் குரல் வந்தது. கரகரத்துத்தான் வந்தது, ஆனால் அவருடைய குரல்.

"போதும்மா. அவன திட்டாத. சின்னப் பையன்."

சின்னப் பையனுக்கு மீசை நரைத்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனுஷன் பிழைத்துக்கொண்டார், அந்த மட்டும் கடவுளுக்குக் கோடி நன்றி. இப்போது அவர் தட்டினால், செய்தி வாசிக்கிற எவனோ ஒருவன் குரலில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறது அந்த லேப்டாப். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்.

அன்றைக்கு ரெக்கார்டரை நான் நிறுத்தவில்லை. என் கூச்சலுக்கு நடுவே அந்த வார்த்தைகள் மட்டும் இருக்கின்றன. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர் எனக்கு மிச்சம் வைத்தது, தம்பிக்கு வக்காலத்து.

போன வாரம் கொழுந்தன் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, அண்ணன் பேசினத எனக்கும் அனுப்பறீங்களா? ஒரே ஒரு தடவ கேட்டுக்கறேன்."

நான் இன்னும் அனுப்பவில்லை.