அழிக்காத அம்புக்குறி

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கணக்கம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். உடம்பின் செல்லுக்குள் சேதி போகும் பாதைகளைச் சமன்பாடுகளாக எழுதுவது அவள் வேலை. அந்தக் கூடத்தின் தலைவி அவளுடைய கூடப்பிறந்த அக்கா. வீட்டில் வாடி, போடி, வேலையிடத்தில் மேடம்.

அன்று அக்காவின் மருந்து ஜெயித்திருந்தது. புற்றுநோய்ச் செல்லின் வெளிச்சுவரில் ‘வளர்’ என்றொரு சேதி வந்து தட்டும். புரதம் புரதமாகக் கைமாறி உட்கரு வரை போகும். அந்த வரிசையின் கடைசிப் புரதத்தை மருந்து கட்டிப்போட்டது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில், சேதி ஓடினால் தெரிய வேண்டிய கறுப்புப் பட்டை துடைத்துவிட்டதுபோல் காணவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கட்டுரையை உடனே எழுதி அனுப்பிவிடுவது என்று முடிவானது.

கணக்கம்மா மட்டும் எழுந்து பலகைக்குப் போனாள். கடைசிப் புரதத்திலிருந்து முதல் புரதத்துக்குத் திரும்பிப் போகிறாற்போல ஓர் அம்புக்குறி போட்டாள்.

“இந்தக் கடைசி ஆளு சேதியை வாங்கிக்கிறதோட நிக்கல. மேல இருக்கிறவனைப் பார்த்து ‘போதும், நிறுத்து’ன்னு அதட்டுறவனும் இவன்தான். நாம இவன் கையைக் கட்டுறேன்னு வாயையும் சேர்த்துக் கட்டிட்டோம். இனி மேல இருக்கிறவனைக் கேட்க ஆளே இல்ல. கத்திக்கிட்டே இருப்பான். நாளைக்குப் பாருங்க, சேதி மருந்தைத் தாண்டி முழுசாத் திரும்பி வந்துடும்.”

“நாளைக்கு வரும்னு யார் பார்த்தது?” என்றாள் அக்கா.

“யாரும் பார்க்கல. அதான் பார்க்கணும்னு சொல்றேன்.”

“இன்னொரு குழுவும் இதே மருந்தைத்தான் துரத்திக்கிட்டு இருக்கு. நாம உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா அவங்க முந்திடுவாங்க. அந்த அம்பை அழி.”

“அழிக்க மாட்டேன்.”

“அப்போ கட்டுரையில உன் பேர் இருக்காது.”

“எடுத்துடுங்க மேடம். அம்பு இருக்கட்டும்.”

சாயங்காலமே அம்மாவின் போன் வந்துவிட்டது. “அக்காகிட்ட மல்லுக்கு நிக்கிறியாமே? உனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவடி அவ.”

“பென்சில் சீவிக் கொடுத்தா, அவ சொல்றதையேதான் எழுதணுமாம்மா?”

“தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறவ நீ” என்று அம்மா பெருமூச்சு விட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அக்காவின் பேச்சை மீறி அவளுக்குச் சோதனை செய்துகொடுக்க யாரும் வரவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினாள். அதுவரை அவள் கையில் பேனாவைத் தவிர எதுவும் ஏறியதில்லை. முதல் தடவை செல் வளர்த்த தட்டுகள் எல்லாம் கலங்கிப்போய், விளிம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. செல் வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஊழியர், கூடத்தில் எல்லோருக்கும் அண்ணன், எட்டிப்பார்த்துச் சிரித்தார். “கணக்கம்மா, செல் வளர்க்கச் சொன்னா பூஞ்சைத் தோட்டம் போட்டிருக்கீங்களே!”

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். தட்டுகளை எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. காது மடல் கொதிக்க, கணக்கம்மா மறுபடியும் கையுறையை மாட்டினாள்.

இரண்டாம் தடவை தட்டுகள் கண்ணாடிபோல் இருந்தன. மருந்து கொடுத்து மறுநாள் எடுத்த படத்தில் பட்டை திரும்பி வந்திருந்தது. ஆனால் அவள் சொன்ன அளவுக்கு இல்லை. மூடி மறைக்காமல், சமன்பாடு சொன்ன கோட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தில் காட்டினாள்.

“முழுசா வரும்னு சொன்ன. பாதிதான் வந்திருக்கு. உன் கணக்கு தப்பு,” என்றாள் அக்கா.

“தப்புதான். அளவு தப்பு. ஆனா நீங்க பூஜ்யம்னு எழுதப் போறீங்களே மேடம், அது பூஜ்யம் இல்ல.”

அக்கா அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையாலேயே திரும்பச் செய்யச் சொன்னாள். அதே பாதி. கட்டுரை நின்றது.

நின்றதற்கு விலை இருந்தது. சில வாரங்களில் அந்த இன்னொரு குழுவின் கட்டுரை வெளிவந்தது, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஒரே ஒரு படத்தோடு. அக்கா அதை அச்செடுத்து எல்லோர் முன்னாலும் மேசைமேல் வீசினாள். “பார்த்தியா? உன்னாலதான்டி!”

வேலையிடத்தில் அக்கா அவளை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை.

“ஆமா, என்னாலதான். இந்த ஒரு படத்தை நம்பி நாளைக்கு யாரோ ஒருத்தர் உடம்புல மருந்தை ஏத்துவாங்க. நம்ம பேர்ல அது நடக்காது. மறுபடியும் இதே நிலைமை வந்தாலும் இதையேதான் செய்வேன்க்கா.”

அக்கா வாசல் வரை போனவள் திரும்பினாள். கோபம் அப்படியேதான் இருந்தது.

“பாதி ஏன்?”

“தெரியல. எதையோ விட்டிருக்கேன்.”

“அப்போ உக்காந்து தேடு. இந்தத் தடவை தட்டுகளையெல்லாம் அண்ணன் பார்த்துக்கட்டும். நீ தொடாத.”

“தொடுவேன்,” என்றாள் கணக்கம்மா.