பதினோரு ஜோடி சப்பாத்து

மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா வந்த இருபத்து மூன்று பேரில் காசிலிங்கத்தைத் தவிர எல்லோரும் தம்பதிகள். மனைவி மரகதம் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளும் இல்லை. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் மற்றவர்களின் பைகள்தான் உட்கார்ந்து வந்தன. புதுச்சேரியில், முட்டி வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லி அவர் தங்கிவிட்டார். கூட்டம் ராமேஸ்வரம் கிளம்பியது. ஊர் திரும்ப இன்னும் எட்டு நாள் இருந்தது.

லாட்ஜ் அறையில் எவ்வளவு நேரம்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பது? மறுநாள் சென்னை பஸ் ஒன்றில் ஏறி, மரக்காணத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்களைக் கண்டதும் இறங்கிக்கொண்டார். அது 2005 அக்டோபர். சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களுக்கு நிவாரண வண்டிகள் வரிசையாகப் போயிருந்தன. உப்பளப் பக்கம் அவை திரும்பவில்லை.

வரப்பு மேல் பிள்ளைகள் குடிதண்ணீர் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். விரலிடுக்குகள் வெடித்து வெளுத்திருந்தன. காசிலிங்கத்துக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு வந்த ஒரு நர்ஸ் அவரை உட்காரவைத்துக் கான்வாஸ் சப்பாத்து மாட்டிவிட்டாள். அவள் பேர் மறந்துவிட்டது. குதிகாலைப் பிடித்த கை மட்டும் மறக்கவில்லை.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த தையல்நாயகி என்ற பெண்ணிடம் போய், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கித் தரலாமா என்று கேட்டார். அவளுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கால் காட்டி விளக்கியதும் பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஷூவா? உப்புத் தண்ணி பட்டா ரெண்டு நாள் தாங்காதுங்க. இஸ்கூலுக்கு வேணா போட்டுக்கினு போலாம்" என்றாள் அவள்.

அடுத்த நாள் பழைய செய்தித்தாளும் பென்சிலுமாக வந்தார். பதினோரு பிள்ளைகள். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் பாதம் வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு போட்டார். பென்சில் பட்டுக் கூசும்போது கீழே விழாமலிருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாண்டு அவர் தலையையே பிடித்துக்கொண்டது. முட்டி நிஜமாகவே வலித்தது. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லாமல், ஒரே பாதத்தை இரண்டு முறை வரைந்தார்.

தையல்நாயகியின் மகள் இலக்கியாவுக்கு எட்டு வயது. "தாத்தா, உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கும் இப்படித்தான் வரைவீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுல பிள்ளைங்க இல்லம்மா."

"அப்ப யாரு இருக்காங்க?"

"அந்தக் காலை வை" என்றார் காசிலிங்கம்.

புதுச்சேரிக் கடையில் எல்லா அளவும் இல்லை. வரவழைத்துத் தர மூன்று நாள் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாக்குப் பையோடு அவர் திரும்ப வந்தபோது பாத்தியும் வரப்பும் தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். கொட்டகைகளில் ஆளில்லை.

காவலாளி மாயவன் குடையோடு வந்து, மழை விழுந்தால் இங்கே வேலை கிடையாது, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், இனி தைக்குத்தான் வருவார்கள் என்றான். எந்த ஊர் என்று கேட்டதற்கு, தையல்நாயகிக்குப் பிரம்மதேசம் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்களை மேஸ்திரி எங்கெங்கிருந்தோ கூட்டி வந்திருந்தார்.

காசிலிங்கம் ஆட்டோ பிடித்துப் பிரம்மதேசம் போனார். கோயிலுக்குப் பின்னால் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். இலக்கியாவோடு சேர்த்து நான்கு பிள்ளைகள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். ஒவ்வொரு காலாகத் துடைத்து அவரே மாட்டிவிட்டார். சேறு பட்டுவிடும் என்று நான்கு பேரும் அசையாமல் நின்றார்கள்.

ஏழு ஜோடி மிஞ்சியது. தையல்நாயகி அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"தையில வந்ததும் நானே குடுத்துர்றேங்க. அதுக்குள்ள காலு பெருத்துடும். ஒருத்தனுக்கு பத்தலன்னா இன்னொருத்தனுக்கு ஆவும்." குழம்பை ஊற்றிவிட்டு, "தைக்கு நீங்க வருவீங்களா?" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்திருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியலம்மா."

அவள் வற்புறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

தீபாவளிக்கு அவர் தெலுக் இந்தானில் இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து முறுக்குத் தட்டு வந்தது. பயணம் எப்படி என்று கேட்டார்கள். நல்லா இருந்தது என்றார். தை போனது, மாசியும் போனது. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவார்.

பங்குனியில் கடிதம் வந்தது. இலக்கியா பென்சிலில் எழுதியிருந்தாள். எல்லோரும் நலம், அம்மா உப்பளத்துக்குப் போகிறாள், ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டோம், ரெண்டு பேர் இந்த வருசம் வரல, செங்கல் சூளைக்குப் போயிட்டாங்களாம் என்று இருந்தது.

அந்த இருவர் யார் என்று அவள் எழுதவில்லை. காசிலிங்கம் கண்ணை மூடிப் பதினோரு முகங்களையும் நினைத்துப் பார்த்தார். ஏழு முகத்துக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. உள்ளே போய்த் தாள் எடுத்து, அந்த ரெண்டு பேரின் பெயரைக் கேட்டு அன்றைக்கே எழுதிப் போட்டார்.