கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை

நில்டா கும்பானுக்குச் சட்டென்று கோபம் வராது. பதினெட்டு வருடமாக மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதில் ஒன்பது வருடம் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளின் வார்டில். முகத்தில் துப்பினால் துடைத்துக்கொள்வாள். கெட்ட வார்த்தை சொன்னால், "இது போன வாரமே சொன்னதாச்சே, புதுசா ஒண்ணு யோசிச்சு வை" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசை முடிந்து ஊரே கூடியிருக்க, சான் ரோமான் சதுக்கத்தில் மீன் வெட்டும் கத்தியோடு ஏணியில் ஏறினாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்லின் வார்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. சான் ரோமானில் கருவாடு போடும் தெல்மாவின் மூத்த மகள். எதற்காக வந்தாள் என்பதை நில்டா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் இங்கும் அது தேவையில்லை. வந்த அன்று அவளுடைய கால்சட்டை நாடாவை உருவி எடுத்தார்கள். செருப்பின் வாரை எடுத்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்று டாக்டர் எழுதினார்.

பார்த்துக் குறிப்பது சுலபம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு 'படுத்திருக்கிறாள்' என்று எழுதிவிடலாம். நில்டா உள்ளே போய்க் கட்டிலோரம் உட்காருவாள். கேள்வி எதுவும் கேட்கமாட்டாள். கேள்வி கேட்டுக் கேட்டே இந்தப் பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய எண்ணம். பேன் சீப்பை எடுத்துவந்து, "தலைய இப்படித் திருப்பு புள்ள" என்று சீவிவிடுவாள். மாத்திரை விழுங்கியபின் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள், ஆனால் போலீஸ்காரி மாதிரி சொல்லமாட்டாள். பத்தொன்பது நாள் ஜெர்லின் வாய் திறக்கவில்லை. இருபதாம் நாள், "அந்த ஃபேன் கத்துது" என்றாள். நில்டா சமையலறைக்குப் போய் எண்ணெய் வாங்கிவந்து, தானே ஸ்டூல் மேல் ஏறி ஃபேனுக்கு விட்டாள். அன்று மாலை ஜெர்லின் அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், மூன்றாம் தேதி, மாகாண சபை உறுப்பினர் பியோ சல்மெரோன் வார்டுக்கு வந்தார். எட்டுக் கட்டிலுக்கு எட்டு ஃபேன், சுவருக்குப் புதுப் பெயின்ட் எல்லாம் அவர் உபயம். கூடவே பெரிய கேமராவோடு ஒரு போட்டோக்காரர். இஞ்சி தட்டிப்போட்ட கோழிக் கஞ்சி கிண்ணங்களில் வந்தது. உறுப்பினரின் ஆட்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள நல்லா இருக்கு, இது பக்கத்துல உக்காருங்க சார்" என்றார்கள்.

நில்டா நேராக நிர்வாகி டாக்டர் பாரியோஸிடம் போனாள். "டாக்டர், புள்ளைங்க முகம் வெளிய வரக்கூடாது. சட்டமே இருக்கு."

"கண்ண மறைச்சிடுவாங்க நில்டா. ஃபேன் வேணுமா, வேணாமா?"

"ஃபேன் குடுக்குறதுக்கு முகம் எதுக்கு டாக்டர்?"

"நீ போயி மத்த புள்ளைங்களப் பாரு" என்றார் அவர்.

படம் எடுத்தது எடுத்ததுதான். பத்தொன்பதாம் தேதி ஜெர்லினை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவள் நில்டாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி ஒன்பதாம் வகுப்பு, இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த நாளில் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தெல்மாவின் போன் அணைந்துகிடந்தது. மாத்திரை தீர்ந்துபோயிருக்கும் என்று கணக்குப் போட்ட நில்டா, விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே ஜீப்னி என்ற பொது வண்டியில் ஏறி இரண்டு மணி நேரம் பயணம் செய்து சான் ரோமானில் இறங்கினாள்.

இறங்கிய இடத்திலேயே அதைப் பார்த்துவிட்டாள். மாதா கோயிலுக்கு எதிரே, கூடைப்பந்துத் திடலின் வேலி உச்சியில், ஒரு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர். சல்மெரோனின் முகம் வண்டிச் சக்கரம் அளவுக்கு. பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஜெர்லின். 'மனம் நலிந்த நம் பிள்ளைகளுக்கும் நான் இருக்கிறேன்' என்று எழுத்து. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்: ஜெர்லினின் கண்ணுக்கு மேல் விரல்கடை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. மூக்கு, வாய், மோவாயில் இருக்கும் மச்சம், முன்பல்லின் சந்து எல்லாம் அப்படியே தெரிந்தன. பெற்றவளுக்கு மட்டுமில்லை, பஸ்ஸில் போகிறவனுக்கும் அடையாளம் தெரியும். பட்டை ஒரு வேலையைத்தான் செய்தது. திருடியைப் பிடித்துப் பேப்பரில் போட்டது மாதிரி ஆக்கியது.

தெல்மா வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நில்டாவைப் பார்த்ததும் 'மானாங்' என்று அக்கா முறை சொல்லி எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

"உள்ளதான் இருக்கா. பள்ளிக்கூடம் போயி ஒம்பது நாளாச்சு."

"என்ன செஞ்சாங்க?"

தெல்மா ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தன் இரண்டு கண்களுக்கும் குறுக்கே வைத்துக் காட்டினாள். "இப்படி. அவ வகுப்புக்குள்ள போனா நாப்பது புள்ளைங்களும் இப்படி. ரொட்டி வாங்கப் போனா கடைக்காரன் மவன் இப்படி. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசறதில்ல மானாங். பேசுனாலாவது நான் போயி சண்ட போடலாம்."

உள்ளே ஜெர்லின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஐந்து வாரம் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து திருப்பிய முகம் அது. நில்டா மாத்திரைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவள் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து ஊர்த் தலைவரான கேப்டனைத் தேடிப் போனாள். அவர் திடலில் பையன்களின் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அவுக்கணும்னா மாகாண ஆபீஸ்ல லெட்டர் வாங்கியாங்க மானாங்."

"கட்டுறதுக்கு யாருகிட்ட லெட்டர் வாங்குனீங்க?"

"கட்டுறதுக்கு எதுக்கு லெட்டர்? இந்தத் திடலுக்குக் கூர போட்டவரே அவருதான். நம்மூரு புள்ள அவரு பக்கத்துல நிக்குது. பெருமதானே."

"உங்க பொண்ணு படத்த இப்படிக் கண்ணக் கட்டிப் போட்டா பெருமையா இருக்குமா?"

"எம் பொண்ணு பைத்தியமில்லையே" என்றார் கேப்டன், ஏதோ சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிறவர் போல.

கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களின் ஏணி வெளியே சாத்தியிருந்தது. நில்டா அதை இழுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த கிழவி பாசிங்கிடம் கத்தி கேட்டாள்.

"மீன் நாத்தம் அடிக்குமே, பரவால்லியா?" என்றாள் பாசிங்.

"அந்த மூஞ்சிக்கு அது போதும்."

நான்கு மூலைக் கயிற்றையும் அறுத்தாள். கேப்டன் கீழே நின்று, "மானாங், எறங்குங்க, உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் ஏணியைத் தொடவில்லை. ஆட்டம் நின்றுபோனது, பூசை முடிந்து வந்த கூட்டமும் கூடிவிட்டது. பையன்களில் ஒருவன் போனில் படம் பிடித்தான். பேனர் சரிந்து விழுந்ததும் நில்டா தரையில் மண்டியிட்டு, ஜெர்லின் இருந்த பகுதியை மட்டும் கவனமாக வெட்டி எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மிச்சத்த எனக்குக் குடு. பன்னிக் கொட்டா ஒழுகுது" என்றாள் பாசிங்.

"எடுத்துக்குங்க. மூஞ்சி உள்பக்கமா இருக்கட்டும், பன்னிங்க பாத்துக்கிட்டே கெடக்கும்."

பையன் எடுத்த படம் ராத்திரிக்குள் மாகாணம் முழுக்கச் சுற்றியது. செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவேண்டும். அதற்கு முன்னால் டாக்டர் பாரியோஸ் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"சட்டம் சட்டம்னு சொன்ன. இதப் பாரு" என்று ஒரு தாளை நகர்த்தினார். படத்தை வெளியிடச் சம்மதம் என்று அச்சடித்த படிவம். கீழே தெல்மாவின் கையெழுத்து, கோணல்மாணலாக. அதற்குக் கீழே சாட்சி. நில்டாவின் கையெழுத்து.

நில்டாவுக்குப் பத்தொன்பதாம் தேதி நினைவுக்கு வந்தது. அன்று புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள், ஒருத்தி கதவில் தலையை மோதிக்கொண்டிருந்தாள், வார்டில் நில்டா ஒருத்திதான். ஆபீசிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் தாள்கள் ஒரு கட்டாக வந்தன. தெல்மாவின் கையில் பேனாவைக் கொடுத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்கயும்" என்று விரல் வைத்துக் காட்டியது அவள்தான். அவள் தாளைப் படிக்கவில்லை. அவள் விரலைப் பார்த்துத் தெல்மா கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா சம்மதிச்சாச்சு. நீயே சாட்சி. வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் குடு. சல்மெரோன் பெரிய மனசுக்காரரு, விட்டுடுவாரு" என்றார் டாக்டர்.

"படம் எடுத்தது மூணாந்தேதி. சம்மதம் வாங்குனது பத்தொன்பதாந்தேதி."

"தேதிய யாரு பாக்கப் போறா?"

"புள்ளைகிட்ட யாரு கேட்டா?"

"அது நோயாளி நில்டா."

"அது பேசும் டாக்டர். நான் காது குடுத்து கேட்டிருக்கேன்."

விளக்கத்தை அவள் நாலே வரியில் எழுதினாள். 'பேனரை அறுத்தது நான். சம்மதப் படிவத்தைப் படிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். இரண்டாவதற்கு வெட்கப்படுகிறேன், தண்டனை கொடுங்கள். முதலாவதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு.'

ஆனால் அதை ஆபீசில் கொடுப்பதற்கு முன், மறுபடி சான் ரோமான் போனாள். தெல்மாவிடமும் ஜெர்லினிடமும் ஒளிக்காமல் சொன்னாள். தெல்மா குனிந்து கருவாட்டைப் புரட்டப் போனாள். ஜெர்லின் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கி, "நீங்களுமா மானாங்" என்றாள். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் நில்டா ஜீப்னியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பற்களைக் கடித்தபடியே வந்தாள். சல்மெரோன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்தது பெரிதாக இருந்தது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தெல்மாவையும் வரவழைத்திருந்தார்கள், தங்களுக்குச் சாதகமாகப் பேசுவாள் என்று.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துட்டுதானே போட்டீங்க?"

"எம் மவள வீட்டுக்கு அனுப்புறோம்னு சொன்ன நேரம் அது. அன்னிக்கு நீங்க எதக் குடுத்திருந்தாலும் போட்டிருப்பேன். என்னையவே வித்த பத்திரமா இருந்தாலும் போட்டிருப்பேன். அதுக்குப் பேரு சம்மதமா சார்?"

மூன்று பேரும் தீர்ப்பை எழுதினார்கள். நில்டாவுக்கு ஒரு மாதத் தற்காலிக நீக்கம், அதன்பின் பிள்ளைகள் வார்டு கிடையாது, துணிக் கிடங்கில் வேலை. சல்மெரோனுக்கு ஒன்றுமில்லை. டாக்டர் பாரியோஸுக்கு ஒன்றுமில்லை. மற்ற ஊர்களில் இருந்த பேனர்களைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். இரண்டு வாரத்தில் புதியவை ஏறின. அதே கஞ்சி, அதே வாசகம், ஜெர்லினுக்குப் பதில் சல்மெரோனுடைய தம்பி மகள். கொழுகொழுவென்று, பட்டை எதுவும் இல்லாமல், நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுப் பிள்ளை என்றால் கண்ணை மறைக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

மூன்றாம் மாதம் ஜெர்லினைத் தெல்மா சிகிச்சைக்கு மறுபடி அழைத்துவந்தாள். அம்மா மருந்துக்கு வரிசையில் நிற்க, ஜெர்லின் தனியாகத் துணிக் கிடங்கின் கவுன்டருக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். கவுன்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க படிச்சிருக்கணும்" என்றாள்.

"ஆமா."

"எங்கம்மாவுக்கு அந்த எழுத்தெல்லாம் புரியாது. உங்களுக்குப் புரியும். உங்க விரலப் பாத்துதான் அம்மா போட்டுச்சு." குரல் ஏறியது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். காவல்காரர் எழுந்து வந்தார். நில்டா அவரைக் கையமர்த்தினாள். ஐந்து வாரம் காது வைத்துக் கேட்டாலும் எட்டாத குரல், இப்போது தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரை போனது.

"நாப்பது பேரும் சிரிச்சாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன், கண்ண மறைக்க? அந்தக் கஞ்சியக்கூட நான் குடிக்கல, தெரியுமா உங்களுக்கு? படம் எடுத்ததும் வாங்கிட்டாங்க. ஒரு வாய்கூட வைக்கல."

நில்டாவுக்கு இது புதிது. "யாரு வாங்குனா?"

"போட்டோக்காரரு. கிண்ணம் பத்தல, அடுத்த கட்டில் புள்ள படத்துக்கு வேணும்னு."

நில்டா துவைத்த போர்வைக் கட்டைத் தள்ளி வைத்தாள். கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினாள்.

"எழுதிக் குடுக்கிறியா?"

"எழுதுனா என்ன ஆகும்?"

"தெரியாது புள்ள. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். நான் எடுத்துட்டுப் போயி எல்லா வாசல்லயும் நிப்பேன். அது மட்டும் சொல்ல முடியும்."

ஜெர்லின் பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடிமேல் வைத்துக்கொண்டாள். அழுத்தி அழுத்தி எழுதினாள். தெல்மா மருந்தோடு வந்து தேடியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு தாள் பத்தாது மானாங்" என்றாள். "இன்னும் ரெண்டு குடுங்க."