கீழே வைத்த கத்தி

1

அன்று அந்தத் தூத்துக்குடி வீட்டில் இருந்தவர்கள் மூவர். வாசற்படியில் காசிலிங்கம்; மறுநாள் கொழும்புக்குத் தோணியில் போகிறவன். அடுக்களை ஓரம், ஓலைக் குவியலுக்கு நடுவே செல்லத்தாய். முக்காலியில் நான், மடியில் பலகையும் தாளும். நாற்பத்தேழாம் வருஷம், மாசி மாதம்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் கடிதம் எழுதிக் கொடுக்கப் போனவன். கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பச்சை ஓலை வாசனை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

2

செல்லத்தாயின் கணவர் ஆறுமுகநயினார் கொழும்புக்குப் போய் இரண்டு வருஷம். வந்த ஒரே கடிதத்தில் கேட்டதும் ஒன்றுதான்: என் கத்தியைக் காசிலிங்கத்திடம் கொடுத்துவிடு.

ஒரு சாண் கத்தி. மடங்காது. வேலமரப் பிடி, கழுத்தில் செம்புப் பூண். அவர் அதில் கயிறு அறுத்தார், நுங்கு சீவினார். இப்போது அவள் பெட்டி முடைய ஈர்க்குக் கிழிக்கிறாள். (தீட்டித் தீட்டி அலகு மெலிந்திருந்தது. இந்த வரியை இருமுறை அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன்.)

3

'செல்லத்தாய் கண்கலங்கியபடி கத்தியைக் காசிலிங்கத்தின் கையில்…'

இல்லை. முதல் பிரதி இங்கேதான் கெட்டது. எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும். ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். கண்கலங்கியதும் என் சரக்கு. அவள் வைத்தாள். அவன் குனிந்தான்.

வைப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. நடந்ததெல்லாம் அதற்குள்தான். அவளே கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"என்ன மதினி, ஈர்க்குக் கிழிக்க வேற கத்தியா கிடைக்காது?"

"கொழும்புல மட்டும் கிடைக்காதோ? அவுக சாமான்னு இங்கன இருக்கது இது ஒண்ணுதான். இதும் போயிட்டா எதுக்குப்பா வருவாக?"

"அப்ப உங்களுக்காக வரமாட்டாரு, கத்திக்காக வருவாராக்கும்?"

"ரெண்டு வருசமா எனக்காக வந்தாகளா?"

காசிலிங்கம் தலையைச் சொறிந்தான். "வெறுங்கையோட போனா என்னையில்லா ஏசுவாரு."

"ஏசட்டும். அண்ணாச்சி, நீங்க எழுதுங்க."

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் அடுத்த தோணியிலேயே வந்து இறங்குகிறார். மற்றதில் கொழும்புக் கடையில் வேறு கத்தி வாங்கிக்கொள்கிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். அன்று அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் ஏன் தெரியவேண்டும்? வேண்டுமானால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதம் மட்டும் என் பொறுப்பு. வழக்கம்போல க்ஷேமம் விசாரித்து ஆரம்பித்தேன், அடிக்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதியது இது:

"கத்தி வேலையில இருக்கு. குடுத்துவிட முடியாது. நீங்க வந்தா ரெண்டு பேருமாப் புழங்கிக்கிடலாம்."

சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டினாள். காசிலிங்கம் அதை மடியில் செருகிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து நடந்தான்.