ஆற்றுக்கு வைத்த ஒப்பாரி

ராயபுரத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு இருபது வருஷமாகப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். ஃப்ளோரா மிஸ் என்றால் கண்டிப்பு என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்ணூர்க் குப்பத்துப் பெண்கள் பத்துப் பேர் என்னைத் தேடி வந்தார்கள். அனல்மின் ஆலைச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி ஆறு செத்துவிட்டது, இறால் இல்லை. இப்போது ஆலையை இன்னும் பெரிதாக்கக் கருத்துக் கேட்புக் கூட்டமாம். பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள், சேர்ந்து பாடினால் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று.

செத்த ஆற்றுக்கு ஒப்பாரிதான் வைக்க வேண்டும் என்றேன். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். எடுத்துக் கொடுக்கும் குரல் பச்சையம்மாவுக்குத்தான் இருந்தது. அவளோ மாட்டேன் என்றாள்.

"வூட்ல சீக்காளி கீறச்சொல்ல ஒப்பாரி எடுக்கக் கூடாது மிஸ்ஸு. எங்கள்ல ஆவாது."

அவள் மகள் ஜோதிகாவுக்குப் பத்தொன்பது வயது. அந்தச் சாம்பலால் வந்த மூச்சிரைப்பில் படுத்த படுக்கையாக இருந்தாள்.

"அவ மூச்சுக்காகத்தான பாடப் போறோம்? இன்னும் இன்னா சகுனம் பாத்துகினு கீற?" என்று அதட்டினேன். பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் அவள் எடுத்தாள்: "சாம்பல் தின்னு மூச்சடைச்சு சாஞ்சு போனியே, எம் மவளே!" ஒன்பது பேர் வாங்கினார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். திரும்பும்போது வேனில் ஒரே சிரிப்பு. பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பதினோராம் நாள் ஜோதிகா போய்விட்டாள்.

பாட்டு கொல்லாது, சாம்பல்தான் கொன்றது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கால் கூசியது; ஆனாலும் போனேன்.

தாய் எடுக்காமல் மற்றவர்கள் ஒப்பாரி வைக்க மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். ஒன்பது பேரும் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"எடு பச்ச, புள்ளய தூக்கப்போறாங்க பாரு" என்று வட்டத்தில் இருந்த ரேகா அழுதாள்.

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இவளுக்கு இன்னா பாடுறது மிஸ்ஸு? இருந்ததெல்லாம் அங்கியே பாடிட்டேனே."

 ஒப்பாரி இல்லாமலே ஜோதிகாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.