நாக்குக் கட்டிய மணி

கட்டிலை நடு அறைக்கு இழுத்தபோது அதன் கால் எதிலோ போய் டொக்கென்று முட்டியது. இழுத்தவர்கள் திடுக்கிட்டு நின்றுவிட்டார்கள்.

"கீழ கோயில் மணி இருக்கு. பாத்து இழுங்க," என்றாள் ஞானம்மாள்.

கட்டிலில் கிடந்தது அவள் புருஷன் பால்ராஜ். "பழைய கோயில் வளைவை இன்னைக்கு எறக்குதாங்க, பாத்துட்டு வந்துடுதேன்" என்று காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன மனிதரை மத்தியானம் வேனில் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள். அவள் மண்டையில் இன்னும் எதுவும் ஏறவில்லை. புளிக்குழம்பை இறக்கி மூடி வைத்துவிட்டுத்தான் வந்து பார்த்தாள். தலையெல்லாம், புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. போன வாரம்தான் மை அடித்த தலை. ஒரே காலையில் இப்படியா கிழவனாவது என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கல்லு ஒண்ணுகூட மேல படலம்மா," என்று கொத்தனார் கன்னியப்பன் வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார். "வளைவு எறங்கிச்சு. தூசி அடங்கனப்புறம் பாத்தா அய்யா பெஞ்சில குந்திகினு கீறாரு. சோடா வாங்கியாரட்டான்னு கேட்டேன். பேசல."

பழைய ரயில்வேக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சின்ன வேதக்கோயில் அது. கூர்வளைவு ஜன்னல், தேக்கு உத்திரம், முழங்கை நீளக் கனத்தில் சுவர். ஆவடிக்கு ஃபாக்டரி வந்து நாலா ஊர் ஜனமும் குவார்ட்டர்ஸில் சேர்ந்த பிறகு, பாதிச் சபை வெயிலில் நின்றுதான் பாட்டுப் பாடியது. இடித்துக் கட்டலாம் என்றார்கள். அதுவரைக்கும் ஆராதனைக்கு எங்கே போவது? ஒரு ஞாயிறுகூட நிற்கக் கூடாது என்று கட்டடக் கமிட்டியில் இருந்த பால்ராஜ் ஒற்றைக்காலில் நின்றார். பழைய கோயிலை நடுவில் விட்டுவிட்டுச் சுற்றிலும் புதிய கோயிலை எழுப்புவோம், மேலே தளம் போட்டதும் உள்ளே இருப்பதை உடைத்துப் புது வாசல் வழியாகவே அள்ளிவிடுவோம் என்றார். அப்படியே ஆயிற்று. கோயிலுக்குள் கோயிலில் உட்கார்ந்து ஜனங்கள் ஜெபித்தார்கள். போன ஞாயிறோடு அதுவும் முடிந்தது. மறுநாள் மணியை இறக்கி, வெண்கலம் களவு போய்விடும் என்று பயந்து சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"சாவுக்கு அடிக்கிறதை வீட்டுக்குள்ள வைக்கலாமா?" என்று அவள் கத்தினாள்.

"கல்யாணத்துக்கும் இதே மணிதானட்டி. நாக்கைக் கட்டியாச்சு, வாயே தெறக்காது," என்று சிரித்தார். தன் பழைய பனியனைக் கிழித்துத்தான் கட்டியிருந்தார்.

மணி விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடித்தால் சபையில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அவள் அடுப்படியிலிருந்தே "யாராம்?" என்பாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய் விசாரித்து வந்து, வாசலில் செருப்பை உதறிக்கொண்டே பேரைச் சொல்வார். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து எந்தச் சாவும் அவளுக்கு வேறு வாயால் தெரிந்ததில்லை.

போதகர் ஜேம்ஸ் வந்து ஜெபித்தார். மூலையில் இருந்த டிவிக்கு யாரோ துண்டைப் போர்த்தினார்கள்.

"பழைய கோயில் போச்சு. புதுசு இன்னும் பிரதிஷ்டை ஆகலை. அதனால வீட்டுலயே ஆராதனை வச்சு, நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போயிடலாம்மா," என்றார் போதகர்.

"அது உங்க இஷ்டம் ஐயா. மணி ஏன் இன்னும் அடிக்கல?"

"மணிக்கூண்டையும் இடிச்சாச்சேம்மா. எங்க அடிக்கிறது?"

"அப்ப அவுக சாகல."

பக்கத்து வீட்டு ஜமீலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வாய்விட்டு அழுதுடுங்கக்கா."

"மணி அடிக்கட்டும். அழுதுடுதேன்."

கன்னியப்பன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். "சாரம் இன்னும் பிரிக்கல சாமி. சவுக்குக் கட்டையில தொங்கவுட்டு நான் அடிக்கிறேன். எனக்கு அய்யா அண்ணன் மாதிரி."

போதகர் சரி என்றார்.

மணியை வெளியே எடுத்தார்கள். முடிச்சு அவிழவில்லை. ஒருவர் கத்தரிக்கோல் கேட்டார். ஞானம்மாள் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பால்ராஜ் இறுக்கிப் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து நெகிழ்த்தி அவிழ்த்தாள். பனியன் துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கன்னியப்பன் மணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

காலையிலிருந்து பட்டினி என்று ஜமீலா அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காபி கலந்து கொடுத்தாள். ஞானம்மாள் டம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். குழம்பு ஆறிவிட்டதே, அவருக்குச் சூடாக இருக்க வேண்டுமே என்று நினைத்தாள்.

மணி அடித்தது. வெகு நேரம் கழித்து மறுபடியும் ஒன்று.

"யாராம்?" என்றாள் ஞானம்மாள், வாசல் பக்கம் தலையைத் திருப்பி.

அங்கே சுண்ணாம்பு படிந்த அவருடைய செருப்பை யாரோ ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள்.